பெர்ட்ராம் 31: இரண்டாவது இன்ஜினின் விலை

அமெரிக்கக் கிழக்குக் கரையோரத்தின் பழைய படகுச் சந்தையில், எழுபதுகளில் கட்டப்பட்ட பெர்ட்ராம் 31 விசைப்படகு பழுதான நிலையில் பத்துப் பதினைந்தாயிரம் டாலருக்குக் கிடைத்துவிடும். அந்தப் பணத்துக்கு அங்கே ஒரு புதுக் கார்கூட வராது. விளம்பரத்தில் பெரும்பாலும் 'இன்ஜின்கள் ஓடுகின்றன, கொஞ்சம் வேலை பாக்கி' என்று ஒரு வரி இருக்கும். வாங்குபவர் அதைப் படித்துவிட்டு பெயின்ட், மெத்தை, ஒயரிங் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் படகுக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தாது. அந்தச் சுமைகூலியில் பெரும்பங்கைத் தின்பது பெயின்டும் மெத்தையும் அல்ல. இன்ஜின் ஒன்றல்ல, இரண்டு என்பதுதான் தின்கிறது.

படகின் உடலைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டி நடந்தபோது, ரே ஹன்ட் வடிவமைத்த சிறு படகு ஒன்று கொந்தளிக்கும் அலைகளில் தடையில்லாமல் ஓடியதை, இந்தப் படகுக்குப் பெயர் தந்த டிக் பெர்ட்ராம் பார்த்தார். அதே பாணியில் ஒரு பெரிய படகை வரையச் சொன்னார். கலப்பைக் கொழுபோலத் தண்ணீரைக் கிழிக்கும் ஆழ்ந்த 'வி' வடிவ அடிப்பாகம் அதற்கு. பின்முனையில்கூட ஏறத்தாழ 24 பாகைச் சரிவு. மரத்தில் செய்த அந்த முதல் படகு 'மாப்பி' 1960இன் மியாமி-நாசோ விசைப்படகுப் போட்டியில் கடும் அலைகளுக்கு நடுவே மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளி வென்றது. அதையே அச்சாக வைத்து 1961 முதல் ஃபைபரில் வார்த்தவைதான் இந்த 31 அடிப் படகுகள். இன்றைய கடல் விசைப்படகுகளில் பெரும்பாலானவற்றின் அடிப்பாகத்தில் இந்த வடிவத்தின் சாயலைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஃபைபரைத் தாராளமாக அடுக்கினார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் உடல்கள் நிற்கின்றன. பின்தளத்தில் இரண்டு பெட்டிகளுக்குள் இன்ஜின்கள் உட்கார்ந்திருக்கின்றன. மூடியைத் தூக்கினால் கைக்கு எட்டும். இவ்வளவு எளிதாக அணுகக்கூடிய ஏற்பாடு இன்றைய பளபளப்பான படகுகளில் பலவற்றில் இல்லை.

அந்தப் பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஜோடி, 330 குதிரைத்திறன் கொண்ட இரண்டு மெர்க்ரூஸர் வி-8 பெட்ரோல் இன்ஜின்கள். ஸ்பார்க் பிளக் பதினாறு. உப்புநீர் ஓடும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நான்கு, அவற்றின் மேல் ரைசர் நான்கு. இந்த எட்டு வார்ப்புகளும் உப்பில் சில ஆண்டுகளே தாங்கும். உள்ளே துருப்பிடித்துத் துளை விழுந்தால் கடல்நீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். கடல்நீர் பம்பு, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பல்லர், சுக்கான் எல்லாம் இரண்டிரண்டு. செலவு இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் படகு நேராக ஓடுவதற்காக இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. அந்தக் காலத்து ஜோடிகள் பலவற்றில் இதற்காக ஒரு இன்ஜினையே எதிர்த்திசையில் சுழல வைத்தார்கள். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் வேறு, கேம்ஷாஃப்ட் வேறு, சிலிண்டர் எரியும் வரிசையும் வேறு. ஒரு பக்கத்துக்கு வாங்கி வைத்த உதிரிப்பாகம் மறுபக்கம் பொருந்தாமல் போகலாம். ஒரே மாதிரித் தெரியும் இரட்டையர் இருவருக்கும் தனித்தனி மருந்து வாங்கும் நிலைமை இது.

இதைவிடப் பெரிய செலவு ஒரு இன்ஜின் சாகும்போது வருகிறது. மற்றது நன்றாக ஓடினாலும் அதையும் சேர்த்து மாற்ற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வந்துவிடும். இந்த மெர்க்ரூஸருக்கு அடிப்படையான 7.4 லிட்டர் ஜெனரல் மோட்டார்ஸ் பிளாக்கின் தயாரிப்பு 2000ஆம் ஆண்டு வாக்கில் நின்றுபோனது. அதற்குப் பின் வந்த 8.1 லிட்டரும் சில ஆண்டுகளில் நின்றது. ஆகவே பழையதற்கு ஜோடியாகப் புதியது கிடைப்பது எளிதல்ல. திறனும் கியர் விகிதமும் வேறுபட்ட இரண்டை அருகருகே வைத்தால் படகு ஒரு பக்கம் இழுக்கும், புரொப்பல்லர்கள் ஒத்துப்போகா. பழைய பிளாக்கைப் பிரித்துப் புதுப்பிக்கலாம், உண்மைதான். அப்போது ஐம்பது ஆண்டு உப்பைத் தின்ற மற்றதன் முறை எப்போது என்று காத்திருக்க வேண்டும். அலுத்துப்போய் இரண்டையும் இறக்கிவிட்டு டீசல் ஜோடி ஏற்றுபவர்கள் பலர். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், கூலி எல்லாம் சேர்ந்தால் அந்த வேலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். பத்தாயிரத்துக்கு வாங்கிய படகு அது.

பெட்ரோலிலேயே தொடர்வோம் என்பவருக்குத் தளத்துக்குக் கீழே இன்னொரு செலவு காத்திருக்கிறது. பழைய பெர்ட்ராம்களில் எரிபொருள் தொட்டியையும் ஃபைபரிலேயே செய்தார்கள். அன்றைய பெட்ரோலுக்கு அது மிக நல்ல தொட்டி. 2004 வாக்கில் நியூயார்க், கனெக்டிகட் பகுதிகளில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் அந்தத் தொட்டிகளின் பிசின் கரையத் தொடங்கியது. கரைந்த பிசின் கறுப்புத் தாராக வால்வுகளில் ஒட்டி இன்ஜின்களையே கெடுத்தது. இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன்; நாற்பது ஆண்டுக்குப் பின் எந்த எரிபொருள் வரும் என்று யாரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் தொட்டியை மாற்றப் பின்தளத்தை அறுக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுப்பவர் படகை வாங்குபவர்தான். ஓட்டும் செலவும் சிறிதல்ல. முழு வேகத்தில் பெட்ரோல் இன்ஜின் ஒன்று மணிக்குக் குடிக்கும் கேலன், அதன் குதிரைத்திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது படகுக்காரர்களின் கைக்கணக்கு. அப்படியானால் இந்த ஜோடிக்கு மணிக்குச் சுமார் 250 லிட்டர்.

ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்குமே, அந்தப் பாதுகாப்புக்குத்தானே இந்தச் செலவு என்று கேட்பார்கள். மியாமியிலிருந்து வளைகுடா நீரோட்டத்தைக் கடந்து பிமினி போகும் ஐம்பது மைலில் அந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒற்றை இன்ஜினில் படகு அலைமேல் எழும்பாது, ஊர்ந்தாவது வரலாம். துறையில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் இயக்கினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும், அது உண்மையான இன்பம். ஆனால் பராமரிக்காத ஜோடியில் இரண்டும் ஒரே வயது, ஒரே ஓட்டம், ஒரே உப்பு, பல படகுகளில் ஒரே தொட்டி. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பாதுகாப்பைத் தருவது இரண்டு ஆரோக்கியமான இன்ஜின்கள். அந்த ஆரோக்கியத்தின் விலைதான் விளம்பரத்தில் இல்லாதது.

வேலையை நாமே செய்துகொண்டால் என்ன, அதே பிளாக் லாரியிலும் இருக்கிறதே, கார்க் கடையில் உதிரிப்பாகம் வாங்கலாமே என்று இன்னொரு கேள்வி வரும். தேய்த்தல், பூசுதல், ஒயரிங் எல்லாம் கையால் செய்யலாம். அதில் மிச்சம் உண்டு. கார் ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கும். கடலுக்கான பாகங்கள் தீப்பொறி வெளியேறாதபடி மூடப்பட்டவை. கார் பாகங்கள் அப்படியல்ல. சில டாலர் மிச்சத்துக்காகப் படகும் அதிலிருப்பவர்களும் வெடித்துச் சிதறும் ஆபத்தை ஏற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்தால் படகு கரையில் நிற்கும் மாதங்களுக்குப் பட்டறை வாடகையும் ஏறிக்கொண்டே போகும்.

புதிதாகக் கட்டிய இதே அளவுப் படகின் விலையைப் பார்த்தால் மீட்டெடுப்பது இன்னும் மலிவுதான் என்பதையும் மறுக்கவில்லை. இந்த உடல் அந்த உழைப்புக்குத் தகுதியானது. ஆனால் யாரோ ஒருவர் ஏற்கெனவே டீசல் ஏற்றி, தொட்டி மாற்றி, ரசீதுகளோடு விற்கும் பெர்ட்ராம் 31, விலை ஐந்தாறு மடங்கு தெரிந்தாலும், பத்தாயிரம் டாலர் படகைவிட மலிவு. அதில் செலவழித்தவருக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அரிது; அடுத்து வாங்குபவருக்கு அது லாபம். அப்படிப்பட்டது கிடைக்காமல் பழுதானதையே வாங்குவதென்றால், இரண்டு இன்ஜின்களுக்கும் விலை பூஜ்யம் என்று வைத்துப் பேரம் பேசுங்கள். உடலைச் சோதிக்கும் சர்வேயர் அடிக்கு இருபது முப்பது டாலர் கேட்பார்; இன்ஜினுக்குத் தனி ஆள் வேண்டும். பதினாறு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து, இரண்டு இன்ஜின், இரண்டு கியர்பாக்ஸ் ஆகியவற்றின் எண்ணெயையும் ஆய்வுக்கு அனுப்பிய பிறகு முன்பணம் கொடுங்கள். அதற்கு மறுக்கும் விற்பவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.