மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு ஜீப்பை வாங்குங்கள்

பழைய ஜீப் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வண்டியைப் பிடித்துவிட்டு, பிறகு மெக்கானிக்கைத் தேடி அலைவார்கள். கோவையில் இதைத் தலைகீழாகச் செய்யலாம். கணபதியிலோ சிங்காநல்லூரிலோ பழைய மஹிந்திராவைப் பிரித்து மாட்டியே தலை நரைத்த ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொண்டால் வண்டி அவர் மூலமாகவே வந்துவிடும். "ஏனுங்ணா, நல்ல 540 ஏதாச்சும் வந்தாச் சொல்லுங்க" என்று காதில் போட்டு வைத்தால் போதும். எங்கோ ஒரு தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் வண்டியைப் பற்றி என்றாவது ஒருநாள் போன் வரும்.

இந்த விமர்சனத்துக்காக நான் ஓட்டிய எம்.எம். 540 அப்படி வந்ததுதான். ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்பில் தேங்காயும் உர மூட்டையும் சுமந்து உழைத்த வண்டி. கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க நண்பர் ஒருவரின் புதுத் தலைமுறை மஹிந்திரா தார், டீசல், மேனுவல் கியர். இரண்டையும் ஒரே இட்டேரியிலும் ஒரே மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்தேன்.

இந்த வம்சத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டிக்கு 1940-ல் முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது பான்டம் என்ற சின்ன கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். அந்தச் சமயத்தில் இந்தியாவின் கொள்முதல் வேலையாக வாஷிங்டனில் இருந்த கே.சி. மஹிந்திரா, வில்லிஸ் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். அங்கேதான் ஜீப் ஆசை பிறந்தது என்று சொல்வார்கள். 1945 அக்டோபர் 2-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்டு முகமது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். பெயரில் இருந்த இரண்டாவது எம் மட்டும் மாறவில்லை. அதற்கும் மஹிந்திரா என்றே பொருள் வைத்துக்கொண்டார்கள். பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து ஜீப்பைப் பூட்டும் வேலை 1949-ல் பம்பாய் மஜகானில் தொடங்கியது.

நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் உயர்ந்த பானெட்டுக்காரன் சி.ஜே. 3பி. அதன் பெட்ரோல் எஞ்சின் உயரமானது. அதை மூட வில்லிஸ்காரர்கள் 1953-ல் பானெட்டைத் தூக்கினார்கள். அமெரிக்காவில் 1968-ல் அந்த மாடல் நின்றுபோனது. இந்தியாவில் அதே உடம்பு வேறு வேறு எஞ்சினோடு பல பத்தாண்டுகள் ஓடியது. பெட்ரோல் விலை ஏறியதும் 1979-ல் பிரான்சின் பெஜோவிடம் டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார்கள். 2.1 லிட்டர், சுமார் 62 குதிரைசக்தி. 1980-களின் நடுவில் வந்த 540-ன் பானெட்டுக்குள் இருப்பது அதுதான்.

62 குதிரைசக்தி என்றால் இன்றைய சின்னக் காரைவிடக் குறைவு. அது ஓட்டும்போது தெரியும். ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டி வால்பாறை மலை ஏறும்போது நன்றாகவே தெரியும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியருக்கு இறங்கி, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இழுத்து, மூன்றாவதுக்குப் போவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். பவர் ஸ்டீரிங் கிடையாது. அரசு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் ரோஷப்படாமல் ஒதுங்கிவிடுங்கள். அந்த டிரைவர்களுக்கு இந்த மலை மனப்பாடம். ஆனால் வேகத்தைக் கேட்காமல் இழுப்பை மட்டும் கேட்டால் இந்த எஞ்சின் சலிக்காது. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே முதல் கியரில் தோப்புக்குள் நகரும். பின்னால் தேங்காய் ஏற்றுகிறவர் கூடவே நடந்து வரலாம்.

இறக்கம்தான் இதன் பெருமை. லோ ரேஷியோ போட்டு முதல் கியரில் விட்டால் பிரேக்கைத் தொடாமல் செங்குத்தான மண் சரிவில் இறங்கிவிடுகிறது. புதிய தாரில் இதே வேலையைச் செய்ய ஒரு பொத்தான் உண்டு; கணினி ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக்கைக் கொட்டிக்கொட்டி இறக்குகிறது. இரண்டும் இறங்குகின்றன. எனக்குப் பழையதில் நம்பிக்கை அதிகம், காரணம் பழக்கமாக இருக்கலாம்.

பள்ளத்தில் இறக்கும்போது கதை மாறுகிறது. இங்கே பள்ளம் என்றால் ஓடை. மழைக்காலத்தில் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிறவர்களைக் கேட்டால் தெரியும், குரும்பூர் பள்ளமும் சக்கரைப் பள்ளமும் ஒரு ஊரை எப்படித் துண்டித்துப் போட்டிருக்கின்றன என்று. அந்த மாதிரி ஊர்க்காரர்களுக்கு நான்கு சக்கர இழுவை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு அல்ல. நான் சோதித்தது நண்பரின் தோட்டத்து ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஒரு சிறு பள்ளம். முதலில் நடந்து தாண்டிப் பார்த்தோம். பிறகு 540-ன் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டி, லோ போட்டு, இரண்டாம் கியரில் ஒரே சீராக விட்டேன். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. கரையேறியதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நான்கும் டிரம் பிரேக். உள்ளே தண்ணீர் புகுந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்சதூரம் ஊர்ந்து காயவைத்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். அடுத்து தார் வந்தது. 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று கம்பெனி சொல்லும் வண்டிக்கு இந்தத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஓட்டியவருக்குச் செருப்பு நனையவில்லை. எனக்கு நனைந்தது.

பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கம் கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் போனால் இரண்டு வண்டிக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் துலக்கமாகத் தெரியும். கரிசல் மண் டயரின் பட்டனையெல்லாம் அடைத்து, சக்கரத்தை அம்மிக் குழவி மாதிரி வழுவழுப்பாக்கிவிடும். நான் ஓட்டிய 540-ல் டிஃபரென்ஷியல் லாக் கிடையாது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் பிடி விட்டால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். நான்கு சக்கர இழுவை என்பது பெயருக்கு மட்டும்தான். இதற்கு டயர் காற்றைப் பாதியாக இறக்குவது, சோளத்தட்டை அடியில் போடுவது, டிராக்டர்காரருக்குப் போன் போடுவது என்ற வரிசை. தார் சுற்றுகிற சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து, பிடியுள்ள சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளுகிறது. 130 குதிரைசக்தி, 300 நியூட்டன் மீட்டர், 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி. அதிகம் யோசிக்காமல் வெளியே வந்துவிட்டது.

அப்படியானால் பழையதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

கோவையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் ஓட்டி ஆரம்பித்தவர் ஜி.டி. நாயுடு. வண்டி ரிப்பேருக்கு வெளியூரை எதிர்பார்க்க முடியாத காலம் அது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மில் இயந்திரத்துக்கு உதிரி பாகம் கடையப் பட்டறைகள் வந்தன. இன்னொரு பக்கம் கிணறு ஆழமாக ஆழமாக மோட்டாரும் பம்பும் வேண்டியிருந்தன; அதற்கு ஃபவுண்டரியும் லேத்தும் பெருகின. ஜீப்புக்காக இவற்றில் எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கிங் பின் புஷ் தேய்ந்துவிட்டால் மாதிரியைக் கொடுத்துக் கடைந்து வாங்கக்கூடிய ஊர் என்ற வசதியை ஜீப்புக்காரர்கள் இலவசமாக அனுபவிக்கிறார்கள். பம்ப், நாசில் சர்வீஸுக்குத் தனி ஆள், ஸ்பிரிங் பட்டை செட் செய்யத் தனி ஆள், டிங்கருக்கும் ரெக்சின் டாப்புக்கும் தனித்தனி ஆள். கணினி வைத்துப் பார்க்க வேண்டிய எதுவும் வண்டியில் இல்லை. அவிநாசி ரோட்டில் நாயுடு பெயரிலேயே இப்போது பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது. 540-ல் அதன்மேல் போனால் அறுபதைத் தாண்டியதும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ரசிக்கும் பயணம் இல்லை.

சொந்தமாக வைத்திருப்பதில் உள்ள தொல்லைகளை மறைக்கக் கூடாது. இந்த வயது ஜீப் எதிலும் கிரீஸ் நிப்பிள்கள் ஏராளம். மாதம் ஒருமுறையாவது, தண்ணீரில் இறக்கினால் மறுநாளே, கிரீஸ் அடிக்க வேண்டும். தரைத்தகடு துருப்பிடிக்கும். எங்காவது எண்ணெய் சொட்டும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷம். மழை சாய்ந்து அடித்தால் டாப் இருந்தும் நனையலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தலைவலி காகிதம். பதினைந்து வருஷம் முடிந்தால் மறுபதிவு. 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். ஏலத்தில் எடுத்த ராணுவ வண்டி என்று சொல்லி விற்கப்படுபவற்றில் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புக்கும் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீள ஜீப்பின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கிய வண்டிகளும் சந்தையில் உண்டு. பார்க்க அழகு, சட்டத்தில் நிற்காது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு அதற்கும் முன்பே, 2017-ன் கடைசியில், தடை வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் பார்க்கும் வண்டிகளில் பாதி எப்.சி.க்குப் போகும்போது எப்படிப் போகின்றனவோ!

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள். அனுமதியில்லாமல் காட்டு ஓடையில் வண்டியை இறக்கிப் படம் எடுப்பது சாகசம் இல்லை, வழக்கு. சொந்தத் தோட்டம், தெரிந்தவர் காடு, முறையாக நடத்தும் ஆஃப்-ரோடு தடங்கள், இவை போதும்.

தாருக்கு வருவோம். 2010-ல் முதல் தார் வந்தபோதும் பின்னால் எதிரெதிர் பெஞ்சுதான். ஆளும் ஏறலாம், தட்டுக் கட்டும் ஏறும். 2020 அக்டோபர் 2-ல், கம்பெனியின் 75-வது ஆண்டில் விற்பனைக்கு வந்த புது வண்டியில் பின்சீட் முன்னோக்கித் திரும்பியது, ஹார்டு டாப் வந்தது, குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பண்ணையத்து வண்டி குடும்ப வண்டியானது அங்கேதான். 2023 ஜனவரியில் இரண்டு சக்கர இழுவையிலேயே ஒரு தார் வந்தது. தோற்றத்துக்காக வாங்குகிறவர்களைக் கம்பெனி சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். கோவை ரேஸ் கோர்ஸைச் சுற்றி வருவதற்கு லோ கியர் எதற்கு?

தோட்ட வேலைக்கு டீசல் தார் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது சேர்த்த கரியை எரிக்க, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீராக ஓட வேண்டும். நாள் முழுக்கத் தோப்புக்குள்ளேயே ஊர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைச் சரிசெய்ய லேத் பட்டறையால் ஆகாது. வாரம் ஒருமுறை உடுமலை வரையாவது ஒரு நீள ஓட்டம் விடுங்கள். பெட்ரோல் தாரில் இந்த வம்பு இல்லை, பெட்ரோல் செலவுதான்.

மாருதி ஜிப்ஸியைப் பற்றிக் கேட்பார்கள். எடை குறைவு, எங்கும் ஏறும், 1985 முதல் ஓடிய நல்ல வண்டி. நல்ல நிலையில் கிடைத்தால் சொல்லும் விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றுகிறது. அந்த இடத்துக்கு 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னி, ஊட்டிச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்குப் பொருந்தும்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் ஒரே வண்டி என்றால், குழந்தைகளை ஏற்றிப் பைபாஸில் போகிறவர் என்றால், தார், மறுபேச்சு இல்லை. ஏர்பேக் இல்லாத, பக்கவாட்டு பெஞ்சு உள்ள பழைய ஜீப்பில் பின்னால் குழந்தைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகவே போகாதீர்கள். வீட்டில் கார் வேறு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் அந்த நரைத்த தலை மெக்கானிக்கும் இருக்கிறார் என்றால் 540-ஐ எடுங்கள்.

எடுக்கப் போகும் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுத் திருப்பிப் பார்க்காதீர்கள். முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு கியர் பெட்டிக்குத்தான் சேதம். மண்ணில் இறக்கி, ஹப்பைப் பூட்டி, லோ போட்டு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். முன்னால் டக் டக் என்று சத்தம் வந்தால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. விலையில் குறைத்துக் கேளுங்கள். பாதி மேட்டில் லோ போட்ட குட்டி லீவர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், ஓனர் எவ்வளவு இறங்கி வந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.