புதிர் யாருக்கு?

1976 வாக்கில் அமெரிக்க நிரலாளர் வில் கிரவுதர் எழுதிய ‘அட்வென்ச்சர்’ ஆட்டத்தில் படமே கிடையாது. ஒரு சிறு கட்டடத்துக்குள் சாவிக்கொத்து, விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, ஒரு பாட்டில் இருப்பதாகத் திரையில் எழுத்து ஓடும். ஆடுகிறவர் ஓரிரு சொல்லில் கட்டளையைத் தட்ட வேண்டும். சற்றுத் தள்ளித் தரையோடு தரையாக ஓர் எஃகுக் கம்பிக் கதவு பூட்டிக் கிடக்கும். அதைத் திறந்தால்தான் குகைக்குள் போகலாம். மறு ஆண்டு டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். ஊடாட்டப் புனைவு என்று இன்று நாம் சொல்லும் துறை பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்ததுதான். அதன் வாசலிலேயே ஒரு பூட்டு தொங்குவது திண்டுக்கல்காரர் கண்ணுக்குத் தப்பாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கையால் ராவிச் செய்யும் லீவர் பூட்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பித்தளைத் தகடோ இரும்புத் தகடோ லீவர்களாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் தனக்குரிய லீவரைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் தாழ் அசையாது. இதைச் செய்தவருக்கு அதில் மர்மம் ஒன்றுமில்லை. வாங்கியவருக்குச் சாவி போதும். திருட வந்தவனுக்குத்தான் அது புதிர்.

ஒரே பூட்டின் முன்னால் மூன்று பேர் மூன்று விதமாக நிற்கிறார்கள். ஊடாட்டப் புனைவின் கோட்பாடோ வெகுகாலம் ஒரே ஒரு ‘ஆட்டக்காரரை’ வைத்துக்கொண்டே பேசிவந்தது. 1997இல் இரண்டு முக்கியமான நூல்கள் வந்தன. தன் செயலால் கதையுலகம் அசைகிறது என்று உணரும்போது வாசகருக்குக் கிடைக்கும் நிறைவை ஜேனட் மர்ரே முன்னிறுத்தினார். பக்கம் புரட்டுவதைத் தாண்டி வாசகர் மெனக்கெட்டால்தான் கடக்க முடிகிற பனுவல்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தார் நார்வேயின் எஸ்பன் ஆர்செத். பிறகு கணினி ஆட்டம் கதையா, விளையாட்டா என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்த வழக்கில் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆர்செத் சொன்ன மெனக்கெடல் யாருக்கு, எந்த மொழியில் வளர்ந்தவருக்கு என்ற கேள்வியை அது மூடிவிட்டது.

2003இல் நிக் மான்ட்ஃபோர்ட் எழுதிய நூல் இன்னும் உதவும். ஊடாட்டப் புனைவின் இலக்கிய மூதாதை விடுகதைதான் என்கிறார் அவர். தமிழ் வாசகருக்கு இது பழகிய நிலம். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசி எனப்படும் விடுகதையையும் ஒரு வகையாக வைத்திருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் அரசன் சுமந்து போகும்போது கேள்வி கேட்கும் வேதாளமோ இன்னும் துணிச்சலான அமைப்பு. விடை தெரிந்தும் அரசன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். சொல்லிவிட்டால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். கடைசிக் கேள்விக்கு அவனுக்கு விடை தெரியாது. அந்தத் தெரியாமையால்தான் சுமை கைவிட்டுப் போகாமல் பயணம் முடிகிறது. ஆடுகிறவரின் அறியாமைக்கே கதையில் ஒரு வேலை தருகிற இந்த யோசனையை மேலைக் கோட்பாடு போதுமான அளவு எடுத்துப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

அதைப் பேச நல்ல இடம் ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இந்த ஆட்டம், 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்ட விருதைப் பெற்றது. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்துச் சமைத்தால்தான் கதை நகரும். கிளைகள் மிகக் குறைவு. இட்லி அவிக்கும் இடத்தைப் பாருங்கள். அடுக்கும்போது ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வரக்கூடாது, ஆவி போக வழி வேண்டும் என்பது நம் வீட்டில் யாரும் எழுதிவைக்காத பாடம். வத்தலக்குண்டிலோ நிலக்கோட்டையிலோ வளர்ந்தவர் இதைப் புதிராகவே எண்ணமாட்டார்; கை தானாகத் தட்டைத் திருப்பிவிடும். பிரியாணி வந்தால், சீரகச் சம்பாவில் பழகிய நம்மூர்க்காரர் ஆட்டத்தோடு சண்டைக்கே போவார். இட்லியையே பார்த்திராதவருக்கு அதே தட்டு உண்மையான பூட்டு. ஆட்டம் பின்னால் கவின் கைக்கு மாறும்போது, அம்மாவின் மொழி பாதி பிடிபட்டும் பாதி நழுவியும் நிற்கிற பிள்ளையின் இடத்தில் இந்த இருவகை ஆட்டக்காரருமே நிறுத்தப்படுகிறார்கள். முடிவை மாற்றும் அதிகாரம் கொடுக்காமலேயே இவ்வளவு ஆழம் கிடைக்கிறதே, கிளைகளின் எண்ணிக்கையை வைத்து ஊடாட்டத்தை எடைபோடுவது எப்படிச் சரியாகும்?

‘வெண்பா’ வெளிநாட்டிலிருந்து வந்தது. இங்கிருந்து எழுத என்ன தடை? கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் என்ற கருவி இலவசம். கிளைக்கதையைத் தமிழிலேயே எழுதி உலாவியில் ஓடவிடலாம். கட்டளையைத் தட்டி ஆடும் வகைதான் பாக்கி. கிரகாம் நெல்சனின் இன்ஃபார்ம் போன்ற கருவிகள் முதலில் ஆங்கிலச் சொல்வரிசைக்காக அமைந்தவை. தமிழில் ‘சாவியால் பூட்டைத் திற’ என்றாலும் ‘பூட்டைச் சாவியால் திற’ என்றாலும் பொருள் ஒன்றே. எது கருவி, எது இலக்கு என்பதை வேற்றுமை உருபே காட்டிக்கொடுக்கும். சொல்வரிசையை நம்பாத நிரலுக்கு இது வசதிதான். உருபைப் பிரித்து, இடையில் மிகும் ஒற்றையும் கழித்து, ‘பூட்டு’ என்ற பெயரையும் ‘பூட்டு’ என்ற ஏவலையும் குழப்பாமல் அறியும் ஒரு பகுப்பான் வேண்டும். கணினித்துறை மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் சேர்ந்தால், ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய நூறு இருநூறு சொல்லுக்கு இதைக் கல்லூரித் திட்டப்பணியாகவே செய்துவிடலாம்.