‘அந்த நாள்’: பாட்டு இல்லாத குறை

1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. போதாக்குறைக்குப் படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்து இறந்துபோகிறார். அவர் நடித்த ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ‘மனோகரா’ வந்ததும் அதே 1954இல்தான். அந்தப் படங்களின் வசனத்தையும் வீராவேசத்தையும் தேடி வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை.

இன்று அதை நல்ல படம் என்கிறோம். எதை வைத்து? ‘காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது’ என்ற பதில் எனக்குப் போதவில்லை. அன்று பலருக்குப் பிடிக்காமல் போனது படத்தின் தரத்துக்குச் சான்றில்லை என்றால், பிறகு பலருக்குப் பிடித்துப்போனதும் சான்றில்லை. 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற ‘அன்பே சிவம்’ பின்னாளில் கொண்டாடப்பட்டது. அதனால் அதன் ஒரு காட்சிகூடக் கூடுதலாகச் சிறந்துவிடவில்லை. ‘ஜனங்களுக்கு ரசனை போதாது’ என்பது இதைவிட மோசமான பதில். சொத்தைப் படம் எடுத்தவரும் அதையேதான் சொல்வார்.

ஆகவே படத்துக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் (சிவாஜி) தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமோன்’ படம் தந்த தூண்டுதல்தான். ஆனால் அங்கே ஒரே சம்பவத்தைப் பற்றிய சாட்சியங்கள் ஒன்றையொன்று பொய்யாக்கும். இயக்குநர் எஸ். பாலசந்தரும் திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனும் வேறு வழியில் போனார்கள். ராஜன் தம்பிக்குச் சொத்தில் பங்கு தர மறுக்கும் அண்ணன், அம்புஜம் என்ற பெண்ணுக்குக் காதலன், மனைவி உஷாவுக்குக் கடைசியில் நாட்டின் ரகசியத்தை ஜப்பானுக்கு விற்றவன். ஒரே முகம் ஆளுக்கு ஆள் வேறு மனிதனாகிறது. சிவாஜி இதைக் குரலை உயர்த்தாமல் சாதிக்கிறார்.

இதில் ஒரு பாட்டை வைத்துப் பாருங்கள். ராஜனும் அம்புஜமும் டூயட் பாடினால் அந்த நிமிடமே நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுவோம். இவர்களில் யார் சொல்லும் ராஜனை நம்புவது என்ற சந்தேகம், படத்தின் உயிரே அதுதான், அங்கேயே கலைந்துபோகும். பாட்டு இல்லாதது இந்தப் படத்துக்குப் பலம். ‘பாட்டு இல்லை’ என்று சலித்துக்கொண்டவர் பொய் சொல்லவில்லை, அவருடைய காசும் பொழுதும் வீணானதும் நிஜம். ஆனால் தான் எதிர்பார்த்து வந்ததைப் பற்றித்தான் அவர் பேசினார். படம் எடுத்துக்கொண்ட காரியத்தில் எங்கே சறுக்கியது என்று அவர் சொல்லவில்லை.

பார்ப்பவருக்காகத்தானே படம், அவருக்கே பிடிக்காவிட்டால் அதில் என்ன நன்மை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படத்தின் சிறப்பு பார்ப்பவர் மனதில்தான் நிகழவேண்டும், பெட்டிக்குள் இருக்கும் சுருளில் அல்ல. அதனால் என் தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. பலருக்குப் பிடிக்காத படம் நல்ல படமாக இருக்கலாம். அது கேட்கும் கவனத்தை முழுதாகக் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதை நல்ல படம் என்று நான் வாதாடமாட்டேன். ‘அந்த நாள்’ படத்துக்கு அந்த நிலை இல்லை.

ரசிகரின் அதிருப்தியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கடைசிப் பகுதியில் ராஜன் தன் துரோகத்துக்கு நியாயம் பேச, உஷா நாட்டுப்பற்றை எடுத்துரைக்க, அதுவரை சந்தேகத்தால் நகர்ந்த கதை பட்டிமன்றமாகிவிடுகிறது. உஷாவாக நடித்த பண்டரிபாயின் முகத்தில் ஏற்கெனவே தெரிந்த தவிப்பையே வசனம் மறுபடி விளக்குகிறது. அங்கே எரிச்சலடைந்து எழுந்து போனவர் யாராவது இருந்தால், அவர் கை வைத்தது படத்தின் உண்மையான பழுதில்.