தலைமறைவு தந்ததும் பறித்ததும்

சலாசரின் சர்வாதிகாரத்தை ஆயுதம் இல்லாமல் வீழ்த்த முடியாது என்று வாதிட்டதன் விளைவாக, பிரான்சிஸ்கோ மார்ட்டின்ஸ் ரோட்ரிகெஸ் 1963இல் போர்ச்சுகீசியக் கம்யூனிஸ்ட் கட்சியோடு முறித்துக்கொண்டார். அவர் நேற்று வந்த இளைஞர் அல்லர். மத்தியக் குழுவில் இருந்தவர். 1960 ஜனவரி 3 அன்று பெனிஷ் கோட்டைச் சிறையிலிருந்து கட்சியின் முன்னணித் தலைவர் அல்வாரோ குன்யாலுடன் தப்பிய பத்துப் பேரில் ஒருவர். ஜோவாவ் புலிடோ வாலென்ட், ருய் டெஸ்பினே ஆகியோருடன் சேர்ந்து 1964இல் மக்கள் செயல் முன்னணியையும், அதை வழிநடத்த ஒரு மார்க்சிய-லெனினியக் குழுவையும் அவர் தொடங்கினார். 1966இன் தொடக்க மாதங்களுக்குள் தலைவர்கள் மூவரும் சிறைப்பட்டுவிட்டார்கள். இந்தக் குழுவை வெறும் சாகசவாதம் என்று ஒதுக்குவது எளிது. தியாகிகளாக மட்டும் போற்றுவதும் எளிது. அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது என்றும், அந்தக் கேள்வியை நடைமுறையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அவர்களுடைய தலைமறைவு முறையே அழித்தது என்றும் நான் கருதுகிறேன்.

கேள்வி வெறும் ஏட்டறிவிலிருந்து பிறக்கவில்லை. 1961 பிப்ரவரியில் அங்கோலாவில் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோவா கைவிட்டுப் போனது. 1962 புத்தாண்டு அன்று பேஜா நகரின் படைமுகாமைக் கைப்பற்ற நடந்த முயற்சி தோற்றது. அந்த ஆண்டு மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். மே தினத்தன்று லிஸ்பன் தெருக்களில் மக்கள் காவலரோடு மோதினார்கள். அலென்தேஜுவின் விவசாயக் கூலிகள் எட்டு மணி நேர வேலைநாளைப் போராடி வென்றார்கள். கட்சியும் சும்மா இருக்கவில்லை. அமைதி வழியில் ஆட்சி மாறிவிடும் என்ற ஐம்பதுகளின் நிலைப்பாட்டை 1961இல் குன்யாலே கண்டித்து, தேசிய எழுச்சி என்ற பாதையை முன்வைத்தார். எழுச்சி என்றால் துப்பாக்கி யார் கையில் இருக்கும், அதற்கான தயாரிப்பு எங்கே நடக்கிறது என்று ரோட்ரிகெஸ் கேட்டார். அங்கோலாவில் தொடங்கிய போர் போர்ச்சுகீசியக் கினிக்கும் பரவிய நேரத்தில் இது தள்ளிப்போடக்கூடிய கேள்வியாக இருக்கவில்லை. சீன-சோவியத் பிளவு அவருக்குச் சொற்களைத் தந்தது. கேள்வியைத் தந்தது போர்ச்சுகலின் நிலைமை. இந்தக் குழுவை மாவோவின் எதிரொலி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் கேள்வியைச் சுமந்த அமைப்பு எப்படிப்பட்டது? தலைமறைவு வாழ்க்கையின் நுணுக்கங்களை இவர்கள் தாய்க்கட்சியிடமே கற்றிருந்தார்கள். அந்தக் கட்சி சாதாரண வாடகை வீடுகளில் அச்சுக்கூடம் நடத்தி, ‘அவான்டே’ இதழை 1941 முதல் இடைவிடாமல் கொண்டுவந்தது. அது புனைபெயர்களாலும் பூட்டிய கதவுகளாலும் மட்டும் நடந்துவிடவில்லை. பாஹெய்ரோவின் தொழிற்சாலைகளிலும் அலென்தேஜுவின் வயல்களிலும் கட்சியை அறிந்த, கட்சிக்காக வாய்திறக்காத மனிதர்கள் இருந்தார்கள். ஒரு கிளை வெட்டப்பட்டால் இன்னொன்று துளிர்க்க மண் இருந்தது. புதிய குழுவுக்கோ வெளிநாட்டில் வாழ்ந்த சிலரும், உள்நாட்டில் மாணவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்க தொழிலாளர்களும்தான் துணை. பின்னால் மக்கள் இல்லாத ரகசியத்தில் ஒருவரை நம்புவது எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைப்பதாகிவிடுகிறது.

அப்படியே நடந்தது. தலைவர்கள் 1965இல் நாடு திரும்பினார்கள். அரசியல் காவல்துறையான பிடே, குழுவுக்குள் ஏற்கெனவே ஓர் உளவாளியை நுழைத்திருந்தது. அக்டோபரில் புலிடோ வாலென்ட் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவர் யார் என்று கண்டுகொண்ட மற்றவர்கள், லிஸ்பனுக்கு வெளியே பெலாஸ் பகுதியில் அவரைக் கொன்றார்கள். சில வாரங்களில், 1966 ஜனவரியில், ரோட்ரிகெஸும் கைதானார். தூங்கவிடாமல் வதைப்பது பிடேயின் வழக்கமான முறை. வதையில் உடைந்து பேசிவிட்டதை ரோட்ரிகெஸ் பிற்காலத்தில் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எந்த எதிர்ப்பியக்கமும் உளவாளியைத் தண்டிக்கத்தான் செய்யும், நாஜி ஆக்கிரமிப்பின்கீழ் பிரான்சிலும் அதுதானே நடந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே மிகப் பரந்த இயக்கம் ஒன்று இருந்தது; இங்கே குற்றம் சாட்டியவர்களே விசாரித்தார்கள், அவர்களே தண்டனையையும் நிறைவேற்றினார்கள். அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்கக்கூடிய அமைப்பு எதுவும் இருக்கவில்லை. பயன் என்று பார்த்தாலும், கொலை அவர்களைக் காப்பாற்றவில்லை. மாறாக, ஓர் அரசியல் கைதியைக் கொலைக் குற்றவாளி என்று காட்ட அரசுக்கு அது உதவியது. சர்வாதிகாரம் வீழ்ந்த 1974 ஏப்ரல் 25க்குப் பிறகும், இரத்தம் சிந்திய வழக்குகளில் சிறையிலிருந்தவர்களை விடுவிக்க, புதிய ஆட்சிக்குத் தலைமையேற்ற ஜெனரல் ஸ்பினோலா தயங்கினார். தெருவிலிருந்தும் சிறைக்குள்ளிருந்தும் எழுந்த அழுத்தம்தான் கதவைத் திறந்தது.

கனமான எதிர்வாதம் இன்னொன்று உண்டு. கடைசியில் ஆட்சியை வீழ்த்தியது ஆயுதம்தானே, காலனியப் போர்தானே, அப்படியானால் ரோட்ரிகெஸ் சொன்னதுதானே நடந்தது? பாதி உண்மை. போர்தான் ஆட்சியின் பலவீனமான இடம் என்ற கணிப்பு பலித்தது. ஆனால் டாங்கிகளை லிஸ்பனுக்கு ஓட்டிவந்தவர்கள் கினியிலும் அங்கோலாவிலும் போரிட்டுக் களைத்த இளநிலை அதிகாரிகள். அவர்களோடு பேச இந்தக் குழுவிடம் ஆளும் இல்லை, இதழும் எட்டவில்லை. படைமுகாமுக்குள் நுழையும் வழியைத் தேட வேண்டிய ஆண்டுகள், தன்னைத்தானே ஒளித்துக்கொள்வதிலும் தன் ஆட்களைச் சந்தேகிப்பதிலும் கழிந்தன.

அந்தச் சந்தேகம் தலைவர்கள் சிறை சென்ற பிறகு இன்னும் பெருகியது. வெளிநாட்டில் எஞ்சியவர்கள் பிளந்து, பிளந்தவர்கள் மறுபடி பிளந்தார்கள்; ஒவ்வொரு குழுவும் தானே உண்மையான கட்சியின் கரு என்றது. எது சரி என்று தொழிற்சாலையிலோ தெருவிலோ சோதிக்க வழியில்லாதபோது, கருத்து வேறுபாடு துரோகம் என்று பெயர் பெறுகிறது. சர்வாதிகாரம் விழுந்த பிறகு, 1974 டிசம்பரில் அத்தகைய சில குழுக்கள் இணைந்து மக்கள் ஜனநாயக ஒன்றியத்தை அமைத்தன. 1975 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் அது சுமார் 45,000 வாக்குகளும் லிஸ்பனில் ஓர் இடமும் பெற்றது. அவர்கள் திருத்தல்வாதி என்று வெறுத்த கம்யூனிஸ்ட் கட்சி ஏழு லட்சத்துக்கு மேல் பெற்றது. வாக்கு மட்டுமே அளவுகோல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தங்கள் பேச்சை எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்பதை இந்த மரபு முதன்முதலாக அறிந்தது அந்தத் தேர்தலில்தான், பிளவு நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து.