விழ மறுத்த மெனு

மவுஸைத் தலைப்பின் மேல் கொண்டுபோனால் துணைத்தலைப்புகள் பொலபொலவென்று கீழே விழ வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் வலைத்தளம் கட்டியவர்களெல்லாம் ஆசைப்பட்டது இதற்குத்தான். அவர்களைத் தூங்கவிடாமல் செய்ததும் இதுதான். ஃபயர்ஃபாக்ஸில் விழும், ஓபராவில் விழும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இல் மட்டும் அசையாது. தப்பு யார்மேல் என்று கேட்டால் அன்றும் இன்றும் எல்லாரும் கைகாட்டுவது அந்த ஐ.இ. 6ஐ. அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

வழக்கை எடைபோட நல்ல சான்று 'சக்கர்ஃபிஷ்' மெனு. 2003 நவம்பரில் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் பேட்ரிக் கிரிஃபித்ஸும் டான் வெப்பும் எழுதிக் காட்டிய முறை இது. சுறாவின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஊர்சுற்றும் மீனின் பெயரை அதற்கு வைத்தார்கள். முந்தைய மெனுக்கள் என்ன செய்தன என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 1997இல் நெட்ஸ்கேப் 4, ஐ.இ. 4 இரண்டும் ஆளுக்கொரு பாஷை பேசின. மெனு நிரல் முதலில் உலாவியிடம் குலம் கோத்திரம் விசாரிக்கும்: 'லேயர்ஸ்' என்ற வசதி உண்டா, நீ நெட்ஸ்கேப், 'ஆல்' என்ற வசதி உண்டா, நீ ஐ.இ. இரண்டும் இல்லையென்றால் கதவடைப்பு. 2002இல் மொசில்லா 1.0 பொதுத்தர முறையோடு வந்தபோது இப்படிப்பட்ட தளங்களில் அதற்கு மெனுவே கிடைக்கவில்லை. ஒழுங்காக நடந்துகொண்ட உலாவிக்குத்தான் தண்டனை. இதைவிட மோசம், அந்த மெனுக்களில் பல முழுக்க முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் எழுதித் தள்ளியவை. நிரல் ஓடாவிட்டால் பக்கத்தில் ஒரு இணைப்புகூட மிஞ்சாது.

சக்கர்ஃபிஷ் இதைத் தலைகீழாக்கியது. அடியில் இருப்பது சாதாரணப் பட்டியல், பட்டியலுக்குள் பட்டியல். உள்பட்டியலை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மறைத்து வைக்கும், மவுஸ் வந்து நின்றால் காட்டும். மவுஸ் நிற்பதை ஐ.இ. 6 இணைப்புகளின் மேல் மட்டுமே உணரும், பட்டியல் உருப்படியின் மேல் உணராது. அந்த ஒரு உலாவிக்காக மட்டும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்தார்கள். அதுவும் ஓடாவிட்டால்? மேல்தலைப்புகளை இணைப்புகளாக வைத்திருந்தால் அவை அப்படியே நிற்கும். அழுத்தினால் அந்தப் பிரிவின் பக்கம் வரும், அங்கிருந்து உள்ளே போகலாம். சேதம் உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லையை உடைத்தது உலாவி அல்ல, முறையை நகலெடுத்தவர்கள். மேல்தலைப்பு எப்படியும் விழத்தானே போகிறது, அதற்கெதற்குத் தனிப்பக்கம் என்று முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் '#' குறி போட்டுவிட்டார்கள். மெனு விழாத இடத்தில் அந்தத் தலைப்பு சுவரில் வரைந்த கதவு.

ஐ.இ. 6க்கு இனி வருவோம். மவுஸ் நிற்பதை இணைப்புகளோடு நிறுத்திக்கொண்டது விதிமீறலா? எந்தெந்த உறுப்புகள் அந்த நிலைக்கு வரலாம் என்பதைத் தான் வரையறுக்கவில்லை என்று சி.எஸ்.எஸ். 2.1 விதிநூலே சொல்கிறது. சட்டப்படி தப்பித்துவிடும். ஆனால் இன்னொரு குற்றத்திலிருந்து தப்ப முடியாது. விழுகிற மெனுவின் கீழே ஒரு தேர்வுப் பெட்டி இருந்தால், மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பது போன்ற பெட்டி, அது மெனுவைக் கிழித்துக்கொண்டு மேலே எட்டிப்பார்க்கும். அடுக்கு எண்ணை 9999 என்று வைத்தாலும் அடங்காது. காரணம், அந்தப் பெட்டி பக்கத்தோடு சேர்ந்து வரையப்படுவதில்லை. விண்டோஸ் தன் சொந்தச் சாளரமாக அதை மேலே ஒட்டுகிறது. இதற்கு நிரலாளர்கள் கண்ட வைத்தியம் வேடிக்கையானது: மெனுவுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல ஒரு வெற்று ஐஃபிரேமை, அதாவது பக்கத்துக்குள் பக்கம் காட்டும் சட்டத்தை, விரிப்பது. ஐஃபிரேம் மட்டும் பெட்டியை மறைக்கும். 2006 அக்டோபரில் ஐ.இ. 7 வந்து இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தது. ஐ.இ. 6 வந்ததோ 2001 ஆகஸ்டில். பிழைவிட்டதை மன்னிக்கலாம். சந்தையைப் பிடித்த பிறகு ஐந்து ஆண்டு குறட்டை விட்டதை மன்னிக்க முடியவில்லை.

சக்கர்ஃபிஷும் சுத்தமல்ல. உள்பட்டியலை அது அறவே மறைத்ததால் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாமலே போனது. அடுத்து வந்த 'சன் ஆஃப் சக்கர்ஃபிஷ்' பட்டியலைத் திரைக்கு வெளியே இடப்பக்கம் தள்ளிவைத்து இதைச் சரிசெய்தது. விசைப்பலகையால் மட்டும் உலவுகிறவருக்கும் அந்த முதல் மெனு திறக்காது. இந்தக் குறை எல்லா உலாவியிலும் ஒரேமாதிரி இருந்தது. அதனால்தான் அதிகம் பேர் பேசவில்லை. ஒரு உலாவியில் மட்டும் உடைந்தால் ஊரே கூடும். எல்லாவற்றிலும் உடைந்தால் அதற்கு இயல்பு என்று பெயர்.

2007இல் ஐஃபோன் வந்து அந்த இயல்பைப் போட்டு உடைத்தது. விரலுக்கு, தொடாமல் மேலே வந்து நிற்பது என்ற நிலையே கிடையாது. தொட்டால் தொட்டதுதான். முதல் தொடுதலை மவுஸ் நிற்பதாகவும் இரண்டாவதை அழுத்துவதாகவும் சஃபாரி கணக்கு வைத்துச் சமாளித்தது. இங்கே உலாவியில் பிழை எதுவுமில்லை. எல்லார் கையிலும் மவுஸ் இருக்கும் என்ற நம்பிக்கைதான் பிழை, அது 2003லும் பிழைதான்.

ஆக, விழாதபோது என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே நான் தீர்ப்புச் சொல்வேன். 1997இன் மெனுக்கள் தோற்கின்றன. சக்கர்ஃபிஷ் எழுதப்பட்டபடி தேறுகிறது, நகலெடுக்கப்பட்டபடி தோற்கிறது. ஐ.இ. 6க்குத் தேர்வுப் பெட்டிக்காகவும் தூக்கத்துக்காகவும் தண்டனை உண்டு, முழுப் பழியும் இல்லை. மெனுவைத் திறக்கும் இன்றைய மூன்றுகோட்டுப் பொத்தான்? நிரல் இறங்கி முடியாத மெதுவான இணைப்பில் பல தளங்களில் அதை அழுத்திப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. நிரலே இல்லாமல் திறந்து மூடும் 'டீடெயில்ஸ்' உறுப்பு எச்.டி.எம்.எல்.லிலேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் புதிய எட்ஜும் அதை ஏற்ற பிறகு முக்கிய உலாவிகள் எதையும் சாக்குச் சொல்ல வழியில்லை.