ஓலா போலா: அணியில் இடமும் கதையில் இடமும்

2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளிவந்த 'ஓலா போலா'வைப் பழம்பெருமை பேசும் படம் என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவை மனத்திற்கொண்டு, கற்பனை மாந்தரைப் படைத்து இதனை இயக்கினார் சியூ கெங் குவான். மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் அவரவர் நாவில் இயல்பாய்ப் புழங்குகின்றன. நம்மவன் தன் வீட்டில் தமிழ் பேசுவதை இந்நாட்டின் பொதுத் திரையில் கேட்பது அரிதாக இருந்த நிலையில், இஃது ஒரு பேறே.

அணியின் கோல் காவலன் முத்துக்குமார். தென்னையோடு பிணைந்த எளிய குடும்பத்துப் பிள்ளை. பிழைப்பு ஒருபுறமும் பந்து மறுபுறமும் அவனை இழுக்கின்றன. அவனுக்கு வீடு உண்டு, உறவு உண்டு, வறுமையும் உண்டு. ஆனால் கதையைத் திருப்பும் உரிமை அவனுக்கு இல்லை. அணித் தலைவனுக்கும் அலிக்கும் இடையே எழும் மனத்தாங்கலே கதையின் முதுகெலும்பு; முத்து அதற்குச் சான்றாக நிற்பவன். அணியில் ஓரிடம் கிடைத்ததைக் கண்டு மகிழும் நாம், கதையில் கிடைத்த இடத்தை அளந்து பார்க்க மறந்துவிடுகிறோம்.

பெயர் மாற்றத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முத்துவின் பின்னே நிற்பவர் 'ஸ்பைடர்மேன்' என மக்கள் கொண்டாடிய இரா. ஆறுமுகம், 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்தவர். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்ற ஆட்டத்தில், ஹசான் சானி தந்த பந்தை வெற்றிக் கோலாக்கியவர் ஜேம்ஸ் வோங். இருவரும் சபா மாநிலத்தவர். திரையில் அந்த வெற்றி 3-2 ஆகிறது. கோல் எண்ணிக்கை கூடினால் குற்றமில்லை, கலைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் என் பள்ளி மாணவரிடம் முத்து யாரென்றால் உடனே விடை வருகிறது. ஆறுமுகம் யாரென்றால் விழிக்கின்றனர்.

படத்தில் பிணக்குகள் யாவும் தனிமனிதர் சினத்தால் பிறக்கின்றன. ஒரு தழுவலில் தீர்கின்றன. 1969க்குப் பின் வந்த பத்தாண்டு இவ்வளவு மென்மையாகவா இருந்தது? தோட்டத்துத் தமிழன் குடியுரிமைத் தாளுக்கும் வேலை அனுமதிக்கும் அலைந்த காலம் அது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததை எதிர்த்து நம் அரசு மாஸ்கோவைப் புறக்கணித்ததால், வென்றவர் போக முடியாமற்போன துயரம் மட்டுமே அரசியலின் நிழலாய் உள்ளே நுழைகிறது.

திரைக்கு வெளியே நடந்தது இதைவிடக் கசப்பானது. அதே ஆண்டு நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி போதிய அளவு இல்லையென்று 'ஓலா போலா'வையும் சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப்படமான 'ஜகாட்'டையும் தனிப்பிரிவில் அமர்த்தினர். ஒற்றுமையைப் பாடிய படத்துக்கே ஒதுக்கிடம்! மலாய்க் கலைஞர் பலரும் கண்டித்தபின் அம்மொழிப் பிரிவு நீங்கிற்று. சிறந்த படமென 'ஜகாட்' விருது பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டம் இழந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன் அதன் நாயகன். முத்துவின் தம்பியர் எங்கே போயினர் என்று கேட்பவர் அந்தப் படத்தையும் பார்க்கட்டும்.