பெர்ல் இழைகளில் பகிர்வு: நல்ல நிரலை ரசிக்கும் முறை

லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியில், ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒருசேர ஓட இடந்தரும் இழைகள், அதாவது திரெட்டுகள், 1998-இன் 5.005 பதிப்பில் சோதனை முறையில் வந்தபோது தரவு எல்லாம் எல்லா இழைகளுக்கும் பொதுவாகவே இருந்தது. 2002-இல் வந்த 5.8 பதிப்பு அதைத் தலைகீழாக்கி, புதிய இழை பிறக்கும்போதே தரவு முழுவதையும் அதற்கெனப் படியெடுத்துக் கொடுத்து, ‘ஷேர்டு’ என்று குறித்த மாறிகளை மட்டும் பொதுவில் வைத்தது. ஆகவே நிரலைப் படிப்பவரின் கண் முதலில் இந்தக் குறிகளைத் தேட வேண்டும். அவை குறையக் குறைய எழுதியவரின் தேர்ச்சி புலப்படும்.

மண்டைக்காடு புதூர் போன்ற குமரிக் கடலோர ஊர்களில் கரமடி வலை இழுக்கும் இரு அணியினருக்கும் கயிறு தனித்தனி, வலை ஒன்றே என்பதால் இழுப்பு ஒத்துவர வேண்டியிருப்பதைப் போல, பொது மாறியைத் தொடும் இழைகளுக்கும் ஓர் ஒழுங்கு தேவை. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதுகூடப் படித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று படிகளாக நடப்பதால், இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் 7-ஐப் படித்து இரண்டும் 8 என்று எழுதினால் ஒரு கணக்கு தொலைந்துபோகும். இதைத் தடுக்கும் ‘லாக்’ என்னும் பூட்டுக்குத் திறக்கும் கட்டளை கிடையாது. அது இடம்பெற்ற தொகுதி முடிந்ததும் தானே விலகிவிடும். அந்தத் தொகுதியை இரண்டு மூன்று வரிகளில் முடிப்பதே அழகு.

கால்பேக், அதாவது ஒரு நிகழ்வு நேர்ந்ததும் அழைக்கும்படி முன்னரே ஒப்படைக்கப்படும் சார்பு, இன்னும் நுட்பமானது. சார்பைச் சுட்டும் குறிப்பைப் பொது மாறியில் இட முயன்றால் பெர்ல் பிழை காட்டி நின்றுவிடும். இழையைத் தொடங்கும்போதே கையில் கொடுத்தாலோ, சார்பு பற்றியிருக்கும் மாறிகளும் படியெடுக்கப்படுவதால், புதிய இழையில் கூட்டிய எண் மூல இழையில் பழையபடியே இருக்கும். பிழைச் செய்தியும் வராது. தேர்ந்தவர் கால்பேக்கை மூல இழையிலேயே நிறுத்திக்கொண்டு, வேலை செய்யும் இழைகள் விளைவை மட்டும் ‘திரெட் கியூ’ என்னும் வரிசையில் இடுமாறு அமைப்பார்.

அந்த வரிசைத் தொகுப்பு பெர்லுடனேயே வருகிறது, பெர்லிலேயே எழுதப்பட்டது. எடுக்க ஒன்றும் இல்லாதபோது அது பூட்டை விட்டுக் காத்திருந்து, எழுந்ததும் மீண்டும் பூட்டிக்கொண்டு, வேறோர் இழை முந்தி எடுத்துவிட்டதா என மறுபடியும் பார்க்கிறது. இவ்விழைகள் இலகுவானவை அல்ல என்பதால் பெர்லின் ஆவணமே இவற்றைப் புதிதாகப் பயன்படுத்த ஊக்குவிப்பதில்லை; ஆயினும், ரசித்துப் படிக்க விரும்புவோர் அந்த வரிசைத் தொகுப்பின் கோப்பையே முதலில் திறக்கலாம்.